கணினி உறுப்புகளின் சமநிலை

துலா மிதித்து நீர் இறைத்த காலத்தில் யாழ்ப்பாணத்துத் தோட்டக் கிணறுகளில் மூவகை உழைப்பு ஒருங்கே நிகழ்ந்தது. துலாவின்மீது ஏறி முன்னும் பின்னும் நடந்து மிதித்தவர் ஒரு சாரார். கிணற்றடியில் நின்று பட்டையைப் பிடித்து நீரைக் கவிழ்த்தவர் ஒருவர். வாய்க்காலின் மறுமுனையில் மண்வெட்டியுடன் நின்று பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறியவர் மற்றொருவர். மிதித்தவர் எத்துணை வலியராயிருப்பினும், பட்டை பொத்தலாயின் பாத்தி நனையவில்லை. இறைப்பு விரைந்து நடந்தபோதிலும், தண்ணீர் மாறுபவர் பிந்தினால் வரம்பு உடைந்து நீர் வீணாயிற்று. தோட்டம் நனைந்த வேகம் மிதித்தவரின் வேகமன்று. அவர்களுள் மிகவும் பிந்தியவரின் வேகமே.

இவ்வுண்மையை அறியாத தோட்டக்காரர் இலர். ஆயினும் இன்று ஒரு மேசைக் கணினியை உறுப்பு உறுப்பாகத் தெரிந்து பூட்டுவிக்க முற்படுவோர் பலர் இதனை மறந்துவிடுகின்றனர். பல மாதங்கள் சேர்த்த பணத்துடன் ஒரு தந்தையும் மகனும் கடைக்குச் செல்கின்றனர் என்று வைத்துக்கொள்ளலாம். மகன் அறிந்தது நண்பன் வீட்டிற் கண்ட ஒரு வரையியல் அட்டையின் பெயர். தந்தை அறிந்தது கையிலுள்ள தொகை. அத்தொகையிற் பெரும்பகுதி அந்த அட்டைக்கே போய்விடுகின்றது. எஞ்சிய பணத்துக்குப் பழைய முறைவழியாக்கி ஒன்றும், ஒற்றை நினைவகத் தகடும், சுழலும் வன்தட்டும், பெயர் அறியப்படாத மின்வழங்கி ஒன்றும் வாங்கப்படுகின்றன. வீடு வந்த பொறி இயங்குகின்றது. ஆனால் நண்பன் வீட்டுப் பொறியைப் போல இயங்கவில்லை. சில வாரங்களில் வேலையின் நடுவே தானாக அணைந்துபோகவும் தொடங்குகின்றது. அட்டையில் யாதொரு குறையும் இல்லை. அதற்குத் துணைநிற்க வேண்டியவற்றிலேயே குறை உள்ளது. விரலுக்குத் தகுந்த வீக்கம் என்னும் பழமொழியை விலைப்பட்டியலின் முன் நிற்பவர் மறந்ததன் பயன் இது.

இவ்வாறு பல கம்பனிகளின் உறுப்புகளைத் தெரிந்து ஒன்றாகப் பூட்டுதல் எப்போதும் இயன்றதன்று. 1981ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் ஐ.பி.எம். கம்பனி தனது தனியாள் கணினியை வெளியிட்டது. அதன் முறைவழியாக்கி இன்டெல் கம்பனியுடையது. இயக்க மென்பொருள் மைக்ரோசொஃப்ட் தந்தது. பொறியின் அமைப்பு விவரங்களை ஐ.பி.எம். நூலாகவே வெளியிட்டமையால், அதனுடன் பொருந்தும் அட்டைகளைப் பிறர் செய்தனர். பின்னர் அதனை ஒத்த முழுப் பொறிகளையும் செய்தனர். 1995ஆம் ஆண்டில் இன்டெல் வகுத்த ஏ.ரி.எக்ஸ். என்னும் அளவுமுறை, தாய்ப்பலகையின் அளவு, திருகாணித் துளைகளின் இடம், மின்வழங்கியின் இணைப்பு ஆகியவற்றை ஓர் ஒழுங்கிற்குள் கொணர்ந்தது. ஒருவர் செய்த பெட்டிக்குள் இன்னொருவர் செய்த பலகை அமர்வது இதன் பயனே. எனினும் அளவுமுறை உறுதிசெய்வது ஒன்றோடொன்று பொருந்துவதை மட்டுமே. பொருந்திய உறுப்புகள் ஒன்றுக்கொன்று ஈடுகொடுக்குமா என்பதை வாங்குபவரே எண்ணிப் பார்க்க வேண்டும்.

உறுப்புகள் செய்யும் தொழிலை முதலில் தெளிந்துகொள்ளுதல் நன்று. கடைகளில் ‘புரொசெசர்’ எனக் கேட்கப்படும் முறைவழியாக்கி கணக்குகளைச் செய்து ஏனையவற்றுக்குக் கட்டளை இடுவது. ‘ரம்’ எனப்படும் நினைவகம், நடந்துகொண்டிருக்கும் வேலைக்கு வேண்டியவற்றைப் பரப்பிவைக்கும் மேசை. மின்சாரம் நின்றவுடன் இம்மேசை வெறுமையாகிவிடும். சேமிப்பகம் பொருள்களைப் பூட்டிவைக்கும் அலுமாரி. வரையியல் அட்டை திரையில் தோன்றும் படங்களை வரைவது. ஒரே வகையான சிறு கணக்குகளை ஆயிரக்கணக்கில் ஒரே வேளையிற் செய்ய வல்லது. தாய்ப்பலகை இவை யாவற்றையும் இணைக்கும் தெரு. மின்வழங்கி சுவரிலுள்ள 230 வோற்று ஆடலோட்ட மின்சாரத்தை இவற்றுக்கு ஏற்ற தாழ்ந்த நேரோட்ட மின்சாரமாக மாற்றித் தருவது. ‘கேசிங்’ எனப்படும் பெட்டியும் அதன் விசிறிகளும் இவை எழுப்பும் வெப்பத்தை வெளியேற்றுவன.

இவற்றுள் எதற்கு எவ்வளவு பணம் செலவிடுவது என்பதே வினா. இதற்கு விடை தேடும் வழியை, தனியாள் கணினி தோன்றுவதற்கு முன்னரே ஓர் அறிஞர் காட்டியிருக்கிறார். 1964ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட ஐ.பி.எம். சிஸ்ரம்/360 என்னும் கணினிக் குடும்பத்தின் முதன்மை வடிவமைப்பாளருள் ஒருவரான ஜீன் அம்டால் என்பாரே அவர். 1967ஆம் ஆண்டு அமெரிக்காவில் நிகழ்ந்த கணினி மாநாடொன்றில் அவர் எடுத்துரைத்த வாதம் பின்னர் அம்டால் விதி எனப் பெயர் பெற்றது. ஒரு வேலையின் ஒரு பகுதியை மட்டும் விரைவாக்கினால், முழு வேலைக்கும் கிடைக்கும் பயன், அப்பகுதி முன்பு எடுத்துக்கொண்ட நேரத்தின் அளவுக்கு மேற் செல்லாது என்பதே அதன் சாரம்.

எடுத்துக்காட்டாக, திருமண நிகழ்வொன்றின் காணொளியைத் தொகுத்து முடிக்க ஒரு கணினிக்கு 100 நிமிடங்கள் வேண்டும் என்று கொள்க. அவற்றுள் 60 நிமிடம் முறைவழியாக்கியின் கணக்கு வேலை. 25 நிமிடம் வரையியல் அட்டையின் வேலை. 15 நிமிடம் சேமிப்பகத்திலிருந்து எடுத்தலும் வைத்தலும். இப்பொழுது இருமடங்கு வேகமுள்ள வரையியல் அட்டை வாங்கப்பட்டால் 25 நிமிடம் பன்னிரண்டரையாகும்; முழு வேலை எண்பத்தேழரை நிமிடத்தில் முடியும். கற்பனைக்கும் எட்டாத வேகங்கொண்ட அட்டையே கிடைத்தாலும் 75 நிமிடத்திற்குக் கீழே அவ்வேலை இறங்காது. ஆனால் அதே பணத்துக்கு இருமடங்கு வேகமான முறைவழியாக்கி வாங்கப்பட்டிருப்பின், வேலை 70 நிமிடத்தில் முடிந்திருக்கும்.

கணக்கு இத்துடன் நிற்கவில்லை. முறைவழியாக்கியின் பங்கு 30 நிமிடமாகக் குறைந்த பின்னர், அதனை மீண்டும் இருமடங்கு விரைவாக்கினால் மிஞ்சுவது 15 நிமிடம் மட்டுமே. முதன்முறை 30 நிமிடம் மிஞ்சிற்று. இரண்டாம் முறை அதிற் பாதி. எனவே, ஓர் உறுப்பின்மீது மேலும் மேலும் செலவிடுந்தோறும் அடுத்த ரூபாவின் பயன் சுருங்கிக்கொண்டே போகின்றது. எந்த உறுப்பில் இட்டாலும் அடுத்த ரூபா ஏறக்குறைய ஒரே பயனைத் தரும் நிலையே சமநிலை. எல்லா உறுப்புகளும் ஒரே விலையுடையனவாய் இருத்தல் சமநிலையன்று. எல்லாம் உயர்ந்தனவாய் இருத்தலும் அன்று.

இதிலிருந்து மற்றோர் உண்மையும் பெறப்படும். அந்த 60, 25, 15 என்னும் எண்கள் காணொளித் தொகுப்புக்கு உரியவை. வேறொரு வேலைக்கு வேறெண்கள் வரும். ஆகவே, வேலையைக் குறிப்பிடாமல் ‘சமநிலையான கணினி’ என்று ஒன்றைக் கூறுதல் இயலாது. கடைக்குச் செல்லுமுன் ஒருவர் எழுதிக்கொள்ள வேண்டியது உறுப்புகளின் பெயரையன்று. இப்பொறி நாள்தோறும் என்ன வேலை செய்யப்போகின்றது என்பதையே.

கடிதம் எழுதுதல், கணக்குப் பார்த்தல், இணையவழிப் பாடம் கேட்டல் ஆகியவையே வேலையெனில், தனியான வரையியல் அட்டை வேண்டுவதில்லை. முறைவழியாக்கிக்குள்ளேயே அமைந்த வரையியற் பகுதி போதுமானது. இங்கு ஓர் எச்சரிக்கை உண்டு. இன்டெல் முறைவழியாக்கிகளுள் பெயரின் இறுதியில் ‘எஃப்’ என்னும் எழுத்தைக் கொண்டவற்றில் அப்பகுதி இயங்காது. 2022ஆம் ஆண்டில் வெளிவந்த ஐ5-12400 என்பதையும் ஐ5-12400எஃப் என்பதையும் ஒப்பிட்டால், பின்னதன் விலை சற்றுக் குறைவு. அந்தச் சிறு தொகையை மிச்சம் பிடித்து, அட்டையும் வாங்காமல் விட்டவரின் திரையில் எதுவும் தோன்றாது. மிச்சம் பிடித்ததைவிடப் பன்மடங்கு பணத்தை அட்டைக்குக் கொடுக்க நேரிடும்.

விளையாட்டுகளே முதன்மை எனின் நிலைமை வேறு. அங்கே முறைவழியாக்கியும் வரையியல் அட்டையும் துலா மிதிப்பவரும் பட்டை பிடிப்பவரும் போன்றவை. ஒவ்வொரு படத்துக்கும் எவ்வெப்பொருள் எங்கே நிற்கின்றது என்பதை முன்னது கணித்துக் கொடுக்க, பின்னது அதனை வரைகின்றது. செக்கனுக்கு 70 படங்களையே முறைவழியாக்கி ஆயத்தஞ் செய்யுமாயின், 140 படங்களை வரைய வல்ல அட்டையும் 70ஐயே வரையும். எஞ்சிய வலிமை வீணே கிடக்கும். திரையும் இக்கணக்கிற் சேரும். செக்கனுக்கு 60 முறை மட்டும் புதுப்பிக்கும் திரையில் 140 படங்களின் முழுப்பயனைக் காண முடியாது.

திரையின் நுணுக்கமும் தராசின் ஒரு தட்டே. முழு எச்.டி. எனப்படும் திரையில் 1,920 பெருக்கல் 1,080, அதாவது 20,73,600 புள்ளிகள் உள்ளன. ‘4கே’ எனப்படும் திரையில் 3,840 பெருக்கல் 2,160, அதாவது 82,94,400 புள்ளிகள். சரியாக நான்கு மடங்கு. புள்ளிகள் பெருகும்போது வரையியல் அட்டையின் சுமை பெருகுகின்றது. முறைவழியாக்கியின் சுமை பெரிதும் மாறுவதில்லை. இதனாலேயே ஒரே இரு உறுப்புகள் ஒரு திரையுடன் ஒத்தும் இன்னொரு திரையுடன் ஒவ்வாமலும் இருக்கக் காணலாம். ஆகையால் திரையை முதலில் முடிவுசெய்து, பின்னர் அட்டையைத் தெரிதலே முறை.

நினைவகத்தைப் பொறுத்தவரையில் இரு வினாக்கள் உள்ளன. முதலாவது, அளவு போதுமா என்பது. மேசை சிறிதாயின் வேலை செய்பவர் அடிக்கடி எழுந்து அலுமாரிக்குப் போய்வர வேண்டும். கணினியும் அவ்வாறே, நினைவகத்தில் இடம் போதாதபோது சிலவற்றைச் சேமிப்பகத்திற்கு மாற்றி மீண்டும் எடுக்கின்றது. அவ்வேளையில் மிக உயர்ந்த முறைவழியாக்கியும் கைகட்டி நிற்கும். பொதுவான வேலைகளுக்கு 16 கிகாபைற்று போதுமானது. 8 கிகாபைற்று ஒடுக்கமானது. பெரிய காணொளிகளைத் தொகுப்போர் 32 கிகாபைற்றை நாடுவர். வேலைக்குப் போதிய அளவைத் தாண்டிய பின்னர் மேலும் நினைவகம் சேர்ப்பதால் வேகம் ஏறாது. பெரிய மேசை வாங்கியதனால் மட்டும் எழுதுபவரின் கை விரையாதன்றோ?

இரண்டாவது வினா பலர் கேளாதது. 16 கிகாபைற்றை ஒரே தகடாக வாங்குவதா, 8 கிகாபைற்றுத் தகடுகள் இரண்டாக வாங்குவதா? வீட்டுக் கணினிகளில் முறைவழியாக்கிக்கும் நினைவகத்துக்கும் இடையே பெரும்பாலும் இரு வாய்க்கால்கள் உள்ளன. 3200 என்னும் வேகக் குறியுடைய டி.டி.ஆர்.4 தகடு ஒரு வாய்க்காலின் வழியே செக்கனுக்கு 25.6 கிகாபைற்று வரை அனுப்ப வல்லது. இரு தகடுகளை உரிய துளைகளிற் செருகினால் அது 51.2 ஆகின்றது. ஒற்றைத் தகட்டை வாங்கியவர் வெட்டிக் கிடக்கும் வாய்க்கால்களுள் ஒன்றை மூடிவிட்டவராவார். தனி அட்டையின்றி முறைவழியாக்கிக்குள் அமைந்த வரையியற் பகுதியையே நம்பியிருப்போர்க்கு இவ்வேறுபாடு நன்கு தெரியவரும். அப்பகுதி படம் வரைவதற்கும் இதே நினைவகத்தையே பயன்படுத்துகின்றது.

டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 என்னும் இரு வகைகளும் பார்வைக்கு ஒத்தவை. இரண்டிலும் 288 முனைகள் உள்ளன. ஆயினும் அவற்றின் வெட்டுக்குறி வெவ்வேறு இடத்தில் உள்ளமையால் ஒன்றின் துளையில் மற்றொன்று செல்லாது. 2022ஆம் ஆண்டு செப்டெம்பரில் ஏ.எம்.டி. வெளியிட்ட ஏ.எம்.5 குதையைக் கொண்ட பலகைகள் டி.டி.ஆர்.5ஐ மட்டுமே ஏற்கும். இன்டெலின் எல்.ஜி.ஏ.1700 குதையைக் கொண்டவற்றிலோ பலகைக்குப் பலகை வகை மாறும். எனவே தாய்ப்பலகையின் முழுப்பெயரை எழுதிவைத்துக்கொண்டே நினைவகம் வாங்க வேண்டும்.

அடுத்தது சேமிப்பகம். குறைந்த செலவில் மிகுந்த மாற்றத்தைத் தருவது இதுவே. மிகுதியும் புறக்கணிக்கப்படுவதும் இதுவே. சுழலும் வன்தட்டு நிமிடத்திற்கு 7,200 முறை, அதாவது செக்கனுக்கு 120 முறை சுழல்கின்றது. வேண்டிய செய்தி வாசிப்பு முனையின் கீழ் வந்து சேர, சராசரியாக அரைச் சுற்று ஆகும். அது ஒரு செக்கனின் 240இல் ஒரு பங்கு. ஏறத்தாழ 4 மில்லிசெக்கன். முனை உரிய தடத்திற்கு நகரும் நேரம் இதனோடு சேரும். இது மனிதருக்குக் கண்ணிமைக்கும் பொழுதிலும் சிறிது. ஆனால் செக்கனுக்குக் கோடிக்கணக்கான கட்டளைகளைச் செய்யும் முறைவழியாக்கிக்கோ நெடுங்காலம். கணினி துவங்கும்போது இத்தகைய சிறு தேடல்கள் ஆயிரக்கணக்கில் நிகழ்வதாலேயே பழைய பொறிகள் எழுந்து வர நெடுநேரம் எடுக்கின்றன.

எஸ்.எஸ்.டி. எனப்படும் சேமிப்பகத்தில் சுழலும் பகுதி யாதும் இல்லை. ஆதலின் இக்காத்திருப்பும் இல்லை. சாட்டா இணைப்பில் வரும் எஸ்.எஸ்.டி. செக்கனுக்கு ஏறக்குறைய 550 மெகாபைற்று வரை தரும். என்.வி.எம்.இ. வகையினது பல்லாயிரம் மெகாபைற்று தரும். எனினும் சட்டியில் உள்ளதே அகப்பையில் வரும். கடிதமும் கணக்கும் எழுதுபவர் சுழல்தட்டிலிருந்து எஸ்.எஸ்.டி.க்கு மாறும்போது காணும் வேறுபாடு மிகப் பெரிது. சாட்டா வகையிலிருந்து என்.வி.எம்.இ.க்கு மாறும்போது காண்பதோ சிறிது. பெருங் காணொளிகளைக் கையாள்பவருக்கே இரண்டாம் படி முழுப்பயன் தரும். படங்களையும் பழைய ஆவணங்களையும் குறைந்த செலவில் வைத்திருக்கச் சுழல்தட்டு இன்றும் தக்கதே. இயக்க மென்பொருள் வாழும் இடமாக மட்டும் அது இருத்தலாகாது.

தாய்ப்பலகையினால் வேகம் கூடுவது அரிது. ஆனால் குறைவது உண்டு. இதற்கு 2022ஆம் ஆண்டு ஜனவரியில் வெளிவந்த ஏ.எம்.டி. கம்பனியின் ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.ரி. என்னும் வரையியல் அட்டை நல்ல சான்று. அட்டைக்கும் பலகைக்கும் இடையே செய்தி செல்லும் பாதை பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் எனப்படும். வரையியல் அட்டைக்கென நீண்ட துளையில் 16 பாதைகள் வரை அமைவதுண்டு; இவ்வட்டையோ நான்கை மட்டுமே பயன்படுத்துகின்றது. அந்நெறியின் நான்காம் தலைமுறையைக் கொண்ட பலகையில் நான்கு பாதைகளின் வழியே செக்கனுக்கு ஏறத்தாழ 8 கிகாபைற்று செல்லும். மூன்றாம் தலைமுறைப் பலகையிலோ அது பாதியாகும். அட்டையின் சொந்த நினைவகமும் 4 கிகாபைற்று மட்டுமே ஆதலால், அது நிரம்பியவுடன் இந்த ஒடுங்கிய பாதையையே நம்ப வேண்டியிருந்தது. விலை குறைந்த அட்டையை வாங்கிப் பழைய பொறிக்குப் புத்துயிர் கொடுக்க எண்ணியவர்களிடமே பழைய பலகைகள் இருந்தன. யாருக்கு அவ்வட்டை மிகவும் வேண்டியிருந்ததோ, அவருக்கே அதன் பயன் குறைந்தது. உறுப்பைத் தனியே மதிப்பிடுதல் எத்துணைப் பிழை என்பதை இது காட்டும்.

இனி, மின்வழங்கி. வேகத்தைப் பற்றிய பேச்சில் இதன் பெயர் வருவதேயில்லை. ஆனால் ஏனைய உறுப்புகள் அனைத்தின் உயிரும் இதன் கையில் உள்ளது. இங்கும் கூட்டற் கணக்கே வழிகாட்டும். மேற்சொன்ன ஐ5-12400 உச்ச வேலையின்போது 117 வாற்று வரை பெறும். 2023ஆம் ஆண்டில் வெளிவந்த என்விடியாவின் ஆர்.ரி.எக்ஸ். 4060 அட்டைக்கு 115 வாற்று. பலகை, நினைவகம், சேமிப்பகம், விசிறிகள் ஆகியவற்றுக்கு 60 வாற்று என மதிப்பிட்டாலும், கூட்டுத்தொகை 300 வாற்றை எட்டாது. திடீர் உச்சங்களுக்கு இடம் விட்டு, இவ்வட்டைக்கு 550 வாற்று மின்வழங்கியை என்விடியா பரிந்துரைக்கின்றது. இதற்கு 1,000 வாற்று வாங்குதல் வீண்செலவு. ஆனால் 2022ஆம் ஆண்டின் ஆர்.ரி.எக்ஸ். 4090 என்னும் அட்டை தனியே 450 வாற்று பெறும். அதற்கு 850 வாற்று வேண்டும்.

பெட்டியின்மீது அச்சிடப்பட்ட எண் மட்டும் போதாது. 2004ஆம் ஆண்டில் தொடங்கிய ‘80 பிளஸ்’ என்னும் சான்று, மின்வழங்கி தான் பெறும் மின்சாரத்தில் குறைந்தது 80 வீதத்தையேனும் உறுப்புகளுக்குச் சேர்ப்பிக்கின்றது என்பதைக் காட்டும். 500 வாற்றை 80 வீதத் திறனுடன் கொடுக்கும் மின்வழங்கி சுவரிலிருந்து 625 வாற்று பெறும். எஞ்சிய 125 வாற்று வெப்பமாகும். இச்சான்று திறனைப் பற்றியதேயன்றிப் பாதுகாப்பைப் பற்றியதன்று. மின்மிகையையும் குறுக்குச்சுற்றையும் கண்டவுடன் தன்னை அணைத்துக்கொள்ளும் காப்பு ஏற்பாடுகள் உண்டா, உத்தரவாதம் எத்தனை ஆண்டு என்பவற்றையும் கேட்டறிய வேண்டும். தரங்குறைந்த மின்வழங்கி பழுதுறும்போது தனியே போவதில்லை. தாய்ப்பலகையையும் வன்தட்டில் உள்ள குடும்பப் படங்களையும் உடன்கொண்டு போதலும் கூடும். உறுப்பை மீண்டும் வாங்கலாம். படத்தை வாங்க முடியாது.

2022ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நிகழ்ந்ததை இந்நாட்டவர் மறந்திரார். யூ.பி.எஸ். எனப்படும் தடையிலா மின்வழங்கியின் தேவையை அக்காலம் பலருக்கும் உணர்த்திற்று. அதனை வாங்கும்போது, வோற்று-அம்பியர் என்னும் எண்ணும் வாற்று என்னும் எண்ணும் ஒன்றல்ல என்பது நினைவில் இருத்தல் வேண்டும். 650 வோற்று-அம்பியர் எனக் குறிக்கப்பட்டது பெரும்பாலும் 400 வாற்றுக்கும் குறைந்த சுமையையே தாங்கும். உறுப்புகளின் வாற்றைக் கூட்டிப் பார்த்தவருக்கு இத்தெரிவும் எளிதாகும்.

வெப்பத்தையும் சேர்த்து எண்ணவேண்டும். முறைவழியாக்கி தன் வெப்ப எல்லையை நெருங்கியதும், அதாவது இக்காலத்தவற்றிற் பலவற்றில் 95 அல்லது 100 பாகை செல்சியஸ் அளவில், தன்னைக் காத்துக்கொள்ளும் பொருட்டு வேகத்தைக் குறைத்துக்கொள்கின்றது. குளிர்விப்பான் வெப்பத்தை இல்லாமற் செய்வதில்லை. அறைக் காற்றுக்கு மாற்றுகின்றது. ஒரு பொறி அறை வெப்பத்தினும் 60 பாகை கூடுதலாக இயங்குமெனின், 20 பாகைக் குளிர்நாட்டில் அது 80 பாகையில் நிற்கும். 34 பாகைச் சித்திரை வெயிலில் 94ஐத் தொடும். குளிர்நாட்டாரின் அளவீட்டை நம்பி வெப்ப நாட்டில் வாங்குபவர், தாம் விலைகொடுத்த வேகத்தின் ஒரு பகுதியை நண்பகலில் இழப்பார். அழகிய கண்ணாடி முகப்பைவிட, முன்புறம் காற்றை உள்ளிழுக்கும் வலைமுகப்பும் பின்புறம் வெளியேற்றும் விசிறியும் உள்ள பெட்டியே இங்கு மேலானது.

இத்துணையும் கேட்டபின், எந்த உறுப்புக்கு நூற்றுக்கு எத்தனை என்று ஒரு நிலையான வாய்பாடு கிடைக்குமா என்று வினவுவோர் உண்டு. விளையாட்டுப் பொறியில் திரை நீங்கலான செலவில் மூன்றில் ஒரு பங்கு முதல் அரைப்பங்கு வரை வரையியல் அட்டைக்குச் செல்வது வழக்கம்; அலுவலகப் பொறியில் அப்பங்கு முழுவதும் இல்லாதொழியும். ஆனால் இத்தகைய பங்கீடுகள் சந்தையின் போக்கால் மாறுவன. 2021ஆம் ஆண்டில் சில்லுகளின் தட்டுப்பாடும், எண்ணிம நாணயம் அகழ்வோரின் பெருந்தேவையும் சேர்ந்து வரையியல் அட்டைகளின் விலையை மிக உயர்த்தின. அவ்வாண்டின் பங்கீட்டைப் பின்னொரு காலத்திற் பின்பற்றுதல் பொருந்தாது. வாய்பாடு பழையதாகும், ‘என் வேலையில் எது பிந்துகின்றது?’ என்னும் வினா பழையதாகாது.

பாவித்த உறுப்புகளை வாங்குதல் குறைந்த பணத்தினர்க்கு நல்வழியே. அங்கும் ஓர் எல்லை உண்டு. விண்டோஸ் 10 இயக்க மென்பொருளுக்கான பொது ஆதரவு 2025ஆம் ஆண்டு ஒக்ரோபர் 14ஆந் திகதியுடன் முடிவுற்றது. விண்டோஸ் 11க்கு டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு அமைப்பு வேண்டும். இன்டெலின் முறைவழியாக்கிகளுள் பொதுவாக எட்டாந் தலைமுறையும் அதற்குப் பிந்தியனவுமே அதன் ஏற்புப் பட்டியலில் உள்ளன. மலிவாகக் கிடைக்கும் ஏழாந் தலைமுறைப் பொறியை வாங்குபவர் இதனை அறிந்தே வாங்குதல் வேண்டும். லினக்ஸ் போன்ற கட்டணமற்ற இயக்க மென்பொருளைப் பயன்படுத்த ஆயத்தமானோர்க்கு அப்பழைய பொறியும் நெடுநாள் உழைக்கும். ஆனால் மின்வழங்கியையும் சேமிப்பகத்தையும் புதியனவாகவே வாங்குதல் விவேகம். ஏனையவற்றின் தேய்வு வேகத்தை மட்டும் பாதிக்கலாம். இவ்விரண்டின் தேய்வோ எல்லாவற்றையும் பாதிக்கும்.

எனவே, தெரிவின் ஒழுங்கு இவ்வாறு அமையும். முதலில் வேலை, பின்னர் திரை, அதன்பின் அவ்வேலையில் மிகுந்த நேரத்தை எடுத்துக்கொள்ளும் உறுப்பு, அதற்கு ஈடுகொடுக்கும் துணையுறுப்பு, இரண்டையும் தாங்கும் பலகை, போதிய நினைவகம் இரு தகடுகளாக, எஸ்.எஸ்.டி. ஒன்று, வாற்றைக் கூட்டிப் பார்த்துத் தெரிந்த மின்வழங்கி, இறுதியாகக் காற்றோட்டமுள்ள பெட்டி. பணம் போதாவிடின் எல்லாவற்றையும் ஒரு படி தாழ்த்துதல் வேண்டுமேயன்றி, கண்ணுக்குத் தோன்றாத ஒன்றை மட்டும் பலியிடுதல் ஆகாது. நல்ல மின்வழங்கியும் பலகையும் இருப்பின், வரையியல் அட்டையை அடுத்த ஆண்டிற் சேர்த்துக்கொள்ளலாம். உறுப்புறுப்பாகப் பூட்டிய கணினியின் பெரும் நன்மையே அது.

எந்தப் பொறியிலும் ஏதோ ஓர் உறுப்பு ஏனையவற்றுக்குப் பிந்தியே இருக்கும். முழுமையான சமநிலை ஒருபோதும் கைகூடாது. கைகூட வேண்டியதும் இல்லை. பிந்தும் உறுப்பு எது என்பதை வாங்குபவர் அறிந்திருப்பதும், அது வெகுதூரம் பிந்தாதிருப்பதுமே போதும். கடையிலுள்ள விலைப்பட்டியலில் மிகப் பெரிய எண் எதுவென்று தந்தையும் மகனும் தேட வேண்டியதில்லை. பட்டை பொத்தலா, வாய்க்கால் தூர்ந்ததா, தண்ணீர் மாறுபவர் வந்துவிட்டாரா என்று பார்த்த பின்னரே பழைய தோட்டக்காரர் துலாவில் ஏறினர். அவர்தம் பயிர் வாடாது நின்றமைக்கு அப்பார்வையும் ஒரு காரணமாகும்.